விலைப் பலகையில் ஏற வேண்டிய வித்தை

விழுப்புரம் போன்ற ஒரு சந்திப்பு நகரத்துக்கு ரயில் கொண்டுவந்து சேர்த்த செல்வம் எவ்வளவோ, அந்நகரத்துக் கடைவீதியிலிருந்து அதே ரயில் ஏற்றிச் சென்ற வியாபாரமும் ஏறக்குறைய அவ்வளவு என்றே சொல்ல வேண்டும். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி என்று நான்கு திசைக்கும் தண்டவாளம் பிரியும் அவ்வூருக்கு, மளிகைக்கும் துணிமணிக்கும் விவசாயச் சாமான்களுக்கும் சுற்றுவட்டாரத்துக் கிராமத்தார் திரண்டு வருவர்; ஆனால் விலை உயர்ந்த பொருள், நுட்பமான பொருள், ஆயுளில் ஓரிரு முறை மட்டுமே வாங்கக்கூடிய பொருள் என்று வந்துவிட்டால், பிளாட்பாரம் மாறி நின்று பட்டணத்துக்கே போய்விடுவர். திண்டிவனத்தின் நிலையும் இதற்கு வேறானதல்ல. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து ஒருபுறம் புதுச்சேரிக்கும், மறுபுறம் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் கிளைக்கின்ற அந்த ஊரில் பஸ் ஏறிய மனிதன் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சென்னையில் விலை விசாரித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே, இந்த இரண்டு ஊர்களிலும் காமிராக் கடை வைத்துப் பிழைக்கிறவர்கள் இணைய வியாபாரத்தை எவ்வாறு எதிர்த்து நிற்பது என்று இன்று நாம் கவலையோடு கேட்கும் கேள்வி அவர்களுக்குப் புதியதன்று. வெளியூர் விலையோடு மல்லுக்கு நிற்பது அவர்களுடைய தொழிலின் பிறவிக் குணம்.

சென்னையின் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் ஒருபுறம் இழுத்தன என்றால், புதுச்சேரி மறுபுறம் இழுத்தது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் 1879ஆம் ஆண்டே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சாலை வழியே போனாலும் 40 கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம். அந்தச் சிறு தூரத்துக்குள் ஓர் எல்லைக்கோடு குறுக்கிட்டது. 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி நாடெங்கும் அமலுக்கு வரும்வரை, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் விற்பனை வரி விகிதங்கள் வேறு வேறாக இருந்தன. பல பண்டங்களுக்கு அங்கே வரி குறைவு. காலையில் விழுப்புரத்துக் கடையில் ஒரு காமிராவைக் கையில் வாங்கிப் பார்த்து, அதன் குணதோஷங்களைக் கடைக்காரர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு, மாலையில் புதுச்சேரியில் அதே காமிராவைக் குறைந்த விலைக்கு வாங்கித் திரும்பியவர்கள் உண்டு. கைப்பேசியில் விலை பார்த்து வாங்குவோரைக் குறைகூறுகிறவர்கள், இந்தப் பழக்கம் கைப்பேசிக்கு எவ்வளவோ முற்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

அப்படியானால் அந்தக் கடைகள் எப்படிப் பிழைத்தன? இந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை கண்டால்தான் இன்றைய பிரச்சினையின் வேர் புலப்படும் என்பது என் அபிப்பிராயம்.

பிலிம் சுருளின் காலத்தில் காமிரா விற்பது என்பது ஒரு நீண்ட உறவின் ஆரம்பமேயன்றி முடிவன்று. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய காமிராவை ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்டு 1967ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனத்தின் ‘இந்து’ சுருளையோ, அது கிடைக்காதபோது வெளிநாட்டுச் சுருளையோ கடையில் வாங்க வேண்டும். அதைக் காமிராவில் மாட்டித் தரவும் கடைக்காரரே வேண்டும். எடுத்து முடித்ததும் இருட்டறையில் கழுவித் தர அவரே வேண்டும். நெகடிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ‘இது அசைஞ்சிடுச்சு வாத்தியாரே, இதுல வெயிலுக்கு எதிரே நின்னு எடுத்துட்டீங்க, மத்தது எல்லாம் பிரிண்ட் போடலாம்’ என்று தரம் பிரித்துச் சொல்லவும் அவரே வேண்டும். இவ்வாறு ஒரு காமிராவுக்காக அந்த ஆசிரியர் அதே கடையின் படியை எத்தனையோ தடவை மிதித்தார். மிதித்த ஒவ்வொரு தடவையும் சில ரூபாய்கள் கல்லாவில் விழுந்தன. காமிராவைப் புதுச்சேரியில் வாங்கியவரும் சுருளைக் கழுவ உள்ளூருக்கே வந்தாக வேண்டும். கடைக்காரருடைய ஞானத்துக்கு நேரடியாக ஒருவரும் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனால் சுருளிலும், கழுவலிலும், பிரிண்டிலும் கலந்து அந்தக் கூலி அவருக்குத் தவறாமல் வந்து சேர்ந்தது.

டிஜிட்டல் காமிரா வந்ததும் முதலில் அறுந்தது இந்த இழைதான். சுருள் போயிற்று, கழுவல் போயிற்று, பிரிண்ட் ஏறக்குறையப் போயிற்று. பெரும் கடன்பட்டுக் கலர் லேப் இயந்திரங்களை நிறுவியிருந்தவர்கள், தவணை தீருமுன்பே அவை ஓய்ந்து நிற்பதைக் கண்டார்கள். உதகை ஆலையும் நலிந்து மூடப்பட்டது. உலகத்துக்கே சுருள் விற்ற ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் ஏறியது. அதற்குப் பிறகு கடைக்காரருக்கு மிஞ்சியது, காமிராப் பெட்டி ஒன்றை விற்றால் அதில் கிடைக்கும் சொற்ப லாபம் மட்டுமே. முன்பு பல வழிகளில் வந்துகொண்டிருந்த ஞானத்தின் கூலி முழுவதும் இப்போது அந்த ஒரே லாபத்தின் தலையில் ஏறிற்று. இணைய வியாபாரம் வந்து அந்த லாபத்தையும் தட்டிப் பறித்தபோது, நஷ்டப்பட்டவர் வெறும் பெட்டி விற்கும் வியாபாரி அல்லர். வேறு வருவாய் வழி ஏதுமற்று நின்ற ஒரு வித்தைக்காரர். இணையம் செய்த காரியத்தைத் தனியே எடுத்துப் பார்ப்பவர்கள், அதற்கு முன்பே பாதிக் கட்டடம் சரிந்திருந்தது என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

கைப்பேசி செய்த காரியமும் சாமானியமானதல்ல. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர்களின் சங்கம் வெளியிடும் கணக்குப்படி, 2010ஆம் ஆண்டில் உலகுக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கும் மேல். பத்தே ஆண்டுகள் கழித்து, 2020இல், அந்தத் தொகை 90 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. குடும்பத்தார் சுற்றுலாவுக்கு எடுத்துச் செல்லும் சிறு காமிரா என்னும் ஜாதியே ஏறக்குறைய அழிந்தது. இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் காமிரா வாங்க வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர்கள், கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள், சொந்தமாக யூடியூப் சானல் நடத்துகிறவர்கள், கழுவேலி ஏரிக்குப் பறவை பார்க்கப் போகும் சிலர் ஆகியோரே. இவர்கள் தொகையில் சிறியவர்கள். ஆனால் பொருளின் நுட்பம் இவர்களுக்கு ஜீவாதாரமானது. விளையாட்டுக்கு வாங்குகிறவன் ஏமாந்தால் வருத்தப்படுவான். பிழைப்புக்கு வாங்குகிறவன் ஏமாந்தால் கடனில் மூழ்குவான்.

இனி விலையின் விஷயத்துக்கு வருவோம். பிளிப்கார்ட் 2007இல் புத்தகம் விற்கத் தொடங்கியது. அமேசான் 2013 ஜூனில் இந்தியாவில் கடை விரித்தது. 2014 அக்டோபர் 6ஆம் தேதி பிளிப்கார்ட் நடத்திய மாபெரும் தள்ளுபடி நாளோடு, பண்டிகை என்றால் இணையத்தில் வாங்குவது என்னும் புதிய சம்பிரதாயம் நாட்டில் நிலைபெற்றது. அப்போது முதல் நம் ஊர்க் கடைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் முறையீடு ஒன்று உண்டு: விநியோகஸ்தரிடம் தாங்கள் கொடுக்கும் கொள்முதல் விலைக்கும் கீழே, வாடிக்கையாளரின் கைப்பேசியில் விற்பனை விலை தெரிகிறது என்பதே அது. இதில் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது, திறமை எங்கே இருக்கிறது? பல ஆயிரம் கோடி அந்நிய மூலதனத்தின் பலத்தில் ஆண்டுக்கணக்காக நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு விலையைத் தாழ்த்துகிற ஒருவரோடு, வாடகையும் மின் கட்டணமும் மாதம் பிறந்தால் கட்டியாக வேண்டிய ஒருவர் போட்டியிட வேண்டும் என்பதைப் போட்டி என்று அழைப்பதே நியாயமாகத் தோன்றவில்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. அந்நிய மூலதனம் பெற்ற இணையச் சந்தைகள் பிறர் விற்பதற்கு இடம் கொடுக்கலாமே தவிர, தாமே சரக்கு வைத்துச் சில்லறையில் விற்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிப்பு வரையறுத்தது. 2018 டிசம்பரில் வெளியாகி 2019 பிப்ரவரி 1 முதல் அமலான மற்றோர் அறிவிப்பு, சந்தையை நடத்தும் நிறுவனம் தனக்குப் பங்கு உள்ள விற்பனையாளர் மூலம் அதே சந்தையில் விற்பதையும், ஒரு பொருளைத் தன்னிடம் மட்டுமே விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும் தடுத்தது. 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம், டெல்லி வியாபாரிகள் அமைப்பு ஒன்றின் புகாரின் பேரில், மேற்சொன்ன இரண்டு பெரிய நிறுவனங்களின் தள்ளுபடிகளையும் சில விற்பனையாளருக்குக் காட்டும் சலுகைகளையும் குறித்து விசாரணைக்கு உத்தரவிட்டது. நிறுவனங்கள் கர்நாடக உயர்நீதிமன்றத்தை நாட, விவகாரம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. விசாரணை நீள்வதில் பெரிய நிறுவனத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதற்குள் விழுப்புரம் நேருஜி சாலையில் ஒரு கடை செல்போன் உறை விற்கும் கடையாக உருமாறிவிடும்.

சிறு வியாபாரி தானும் இணையத்தில் விற்கலாமே என்று சொல்கிறவர்கள் இன்னொரு விஷயத்தை யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய்க்குள் சரக்கு விற்கும் கடைக்காரருக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, ஆனால் அவரே இணையச் சந்தையில் ஒரு பொருளை விற்க விரும்பினால், முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம் என்றிருந்தது. இணக்க வரித் திட்டத்தில் இருந்தவர்களுக்கோ இணையச் சந்தையின் கதவே அடைபட்டிருந்தது. மாநிலத்துக்குள் விற்பதற்கு மட்டும் இந்தத் தடைகள் தளர்ந்தது 2023 அக்டோபர் 1ஆம் தேதிதான். பிளிப்கார்ட் பிறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, சந்தையின் நல்ல இடங்கள் எல்லாம் பிடிபட்டுவிட்ட பிறகு, திண்டிவனத்துச் சிறு வியாபாரிக்கு உள்ளே வர அனுமதி கிடைத்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, கடைக்காரர்களின் பக்கமிருந்த தோஷங்களையும் மறைக்காமல் சொல்வதுதான் தர்மம். பில் கேட்டால் ஒரு விலை, கேட்காவிட்டால் ஒரு விலை என்று பேசிய கடைகள் இருந்தன. காமிரா கேட்டு வந்த சிறுவனின் தலையில் விற்காமல் கிடந்த பையையும், ஆட்டம் கொடுக்கும் முக்காலியையும் சேர்த்துக் கட்டியவர்கள் இருந்தனர். இந்திய உத்தரவாதம் இல்லாமல் கள்ள வழியில் இறங்கிய சரக்கை, அதைச் சொல்லாமலே விற்றவர்களும் இருந்தனர். செஞ்சிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு, ஒரு லென்ஸின் உண்மையான விலை என்ன என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாதிருந்த ஓர் ஏழைப் புகைப்படக்காரனுக்கு, இணையம் அந்த விலையை உள்ளங்கையில் வைத்துக் காட்டியது ஒரு பெரிய உபகாரம். அதைப் பழிக்க எனக்கு மனம் இல்லை. விலையை ஒளித்து வைத்து நடத்திய வியாபாரம் ஒழிந்தது நன்மையே. ஆனால் அதோடு சேர்ந்து ஒழியக் கூடாத ஒன்றும் ஒழிந்துகொண்டிருக்கிறது என்பதே என் கவலை.

அது இன்னதென்று காட்ட, திண்டிவனத்தில் ஒரு கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கல்யாணப் படம் எடுக்கும் இளைஞர் ஒருவர், யாரிடமோ பழையதாக விலைக்கு வாங்கிய ஒரு லென்ஸைக் கொண்டுவந்து, படத்தில் தெளிவு இல்லை என்று முறையிட்டார். கடைக்காரர் அதை வாங்கி, முன்னும் பின்னும் இருந்த மூடிகளைக் கழற்றி, துவாரத்தை முழுவதும் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து சிறு டார்ச் ஒன்றின் ஒளியைச் சாய்வாகச் செலுத்தினார். கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி இழையைவிட மெல்லிய வெண்ணிறக் கோடுகள் கிளைவிட்டிருந்தன. உடனே காமிராவோடு பொருந்தும் உலோக வளையத்தைத் திருப்பி, அதன் நான்கு திருகாணிகளையும் உற்றுப் பார்த்தார். “மரக்காணம் பக்கமா இருந்த லென்ஸா தம்பி?” என்று கேட்டார். இளைஞர் திகைத்து, “ஆமாண்ணே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார். “திருகாணி பூத்திருக்குது பாருங்க, உப்புக்காத்து. ஐப்பசி கார்த்திகை மழையில பையிலயே போட்டு வெச்சிருப்பாங்க, பூஞ்சை புடிச்சிருக்குது. இன்னும் உள்ளே போகல. கழட்டித் துடைச்சா ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம். ஆனா உங்க மத்த லென்ஸோட இதை ஒரே பையில வெக்காதீங்க” என்றார் அவர்.

அதன் பிறகு இளைஞர் புதிய லென்ஸ் ஒன்றைக் காட்டச் சொன்னார். கடைக்காரர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, அவருடைய காமிராவிலேயே மாட்டிக் கொடுத்து, வாசலில் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படம் எடுக்கச் செய்து, பெரிதாக்கிக் காட்டி, மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை விளக்கினார். இளைஞர் மிகுந்த மரியாதையோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பெட்டியின் மேலிருந்த எண்ணைத் தம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, “யோசிச்சிட்டு வரேண்ணே” என்று எழுந்தார். எழுந்தவர் நின்று, “லென்ஸ் பார்த்ததுக்கு எவ்வளவுண்ணே?” என்று கேட்டார். அவர் கேட்டது உண்மையான கேள்வி. அவருடைய கை சட்டைப் பையில் இருந்தது. கடைக்காரரோ, “பார்த்ததுக்கெல்லாம் என்னா தம்பி காசு, போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தத் தொழிலின் கேடு அடங்கியிருக்கிறது என்றும் கருதுகிறேன். அரைமணி நேரத்தில் அவர் காட்டியது இருபது ஆண்டுகளின் அனுபவம். அதற்கு விலை இல்லை என்று அவரே சொன்னார்; சும்மா வைத்துப் பார்த்த பெட்டிக்குத்தான் விலை என்று சொன்னார். பெட்டியின் விலையை இணையம் குறைத்துவிட்டது. எதை இணையத்தால் தர முடியாதோ அதை இலவசமாகக் கொடுத்துவிட்டு, எதை இணையம் குறைந்த விலைக்குத் தருகிறதோ அதில் லாபம் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது எந்த வியாபாரத்துக்கும் அடுக்காது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் லெஸ்டர் டெல்சர் 1960ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் இந்த நிலைமையை ஆராய்ந்திருக்கிறார்: பொருளை விளக்கிக் காட்டும் செலவை ஒரு கடை ஏற்க, அந்தச் செலவு இல்லாத மற்றொரு கடை விலையைக் குறைத்து விற்றால், நாளடைவில் விளக்கிக் காட்டும் கடையே இல்லாமல் போகும், அதனால் உற்பத்தியாளரும் நஷ்டமடைவார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிரிட்டனில் ஜெஸ்ஸாப்ஸ் என்னும் காமிராக் கடைத் தொடர் 2013 ஜனவரியில் தன்னுடைய 187 கடைகளையும் ஒருசேர மூடியது. அத்தனை பெரிய நிறுவனமே விலைப் போட்டியில் நிற்க முடியவில்லை என்றால், விழுப்புரம் திரு.வி.க. வீதியில் பத்தடி அகலக் கடை அந்த வழியில் முயல்வதில் என்ன விவேகம் இருக்க முடியும்?

நகைக் கடையில் தங்கத்தின் விலை ஊருக்கெல்லாம் ஒன்றுதான். அந்த விலையைக் கடைக்காரர் நிர்ணயிப்பதில்லை என்பதும் வாங்குகிறவருக்குத் தெரியும். ஆயினும் செய்கூலியைத் தனியே எழுதிக் காட்டுகிறார்கள். நாமும் பேரம் பேசியாவது கொடுக்கிறோம். காமிராக் கடைகளும் இந்த முறைக்கு வர வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. இணையத்தில் என்ன விலையோ அதற்கு இயன்றவரை அருகில் பெட்டியை விற்கட்டும். வித்தைக்கு உரிய கூலியை வெளிப்படையாகப் பலகையில் எழுதி வைக்கட்டும். பழைய காமிராவையோ லென்ஸையோ வாங்குமுன் பரிசோதித்துச் சொல்ல இவ்வளவு, சென்சாரைத் துடைக்க இவ்வளவு, புதிய லென்ஸைச் சொந்தக் காமிராவில் மாட்டிப் பார்க்க இவ்வளவு, அதை இங்கேயே வாங்கினால் அந்தத் தொகை கழிக்கப்படும், அரைநாள் உட்கார்ந்து பயிற்சி பெற இவ்வளவு என்று எழுதட்டும். அந்த இளைஞரின் சட்டைப் பையில் இருந்த கை எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது: கொடுக்க மனம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம்.

யூடியூபில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்கலாம். யூடியூபில் கிடைப்பது லென்ஸ்களைப் பற்றிய பொது ஞானம். நம் கையில் இருக்கும் இந்த ஒரு லென்ஸைப் பற்றிய ஞானம் அங்கே இல்லை. மயிலம் முருகன் கோயிலில் முகூர்த்தம் முடிந்து படியிறங்கும் தம்பதியின் முகத்தில் காலை வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் என்றோ, மேல்மலையனூரில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்தின்போது கூட்டத்துக்கும் தீவட்டி வெளிச்சத்துக்கும் நடுவே எந்த லென்ஸ் உதவும் என்றோ, அயல்நாட்டில் உட்கார்ந்து விமரிசனம் செய்கிறவர் சொல்ல மாட்டார். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியரின் ராணுவத் தலங்களுள் ஒன்றாக இடம் பெற்றிருக்கிறது. கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவற்றைப் பார்க்க வருகிறவர்களுள் சிலருக்காவது நீண்ட லென்ஸ் இரண்டு நாளைக்கு வாடகைக்கு வேண்டியிருக்கும். அந்த வாடகையைச் சென்னையில் கொடுத்துவிட்டு வருவதற்குப் பதிலாகத் திண்டிவனத்தில் கொடுக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வது இங்குள்ள கடைக்காரர்களின் கையில் இருக்கிறது.

வாடகையும் கடனுமே இந்த ஊர்க் கடைகளின் மெய்யான பலம். தை பிறந்தால் முகூர்த்தங்கள் நெருங்கி வரும். மார்கழியில் கையில் காசு இருக்காது. அந்தச் சமயத்தில் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு போய், வைகாசியில் கல்யாண வீட்டார் பாக்கியைத் தீர்த்த பிறகு பணம் கொண்டுவந்து கொடுக்கும் வழக்கம் இன்றும் இங்கே இருக்கிறது. நிதி நிறுவனங்களின் மாதத் தவணை மாதந்தோறும் ஒரே தேதியில் வந்து நிற்கும். ஆடியில் ஒரு கல்யாணமும் இல்லை என்பது அதற்குத் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக் கடன் கொடுக்கிறவருக்குப் பஞ்சாங்கம் தெரியும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பத்து மணிக்கு மெமரி கார்டு பழுதானாலும், பிளாஷ் எரியாமல் போனாலும், கடைக்காரர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது.

பிரிண்டையும் நான் கைவிட மாட்டேன். வீட்டில் ஒரு மரணம் நேர்ந்துவிட்டால், கைப்பேசியில் எங்கோ ஒரு குழுப் படத்தின் மூலையில் நிற்கும் தகப்பனாரின் முகத்தைப் பிரித்தெடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை சாத்துவதற்குள் தரும்படி ஒரு குடும்பம் உள்ளூர் ஸ்டூடியோவுக்குத்தான் ஓடுகிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்துப் பாதுகாத்திருக்கிறது. சாமானியக் குடும்பங்களின் நூறாண்டு முகங்கள் அவை. காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்த சிற்றூர்க் கலைஞர்கள் இருந்ததால்தான் இன்று பாதுகாப்பதற்கு ஏதாவது இருக்கிறது. நம்முடைய காலத்துப் படங்களோ கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் ஒரு குடும்பத்தின் பத்து வருஷங்களோடு போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை கைப்பேசியைக் கொண்டுவரச் சொல்லி, நூறு படங்களைப் பொறுக்கி அச்சிட்டு, ஆல்பமாகக் கட்டித் தரும் வேலையை விழுப்புரத்து ஸ்டூடியோக்கள் ஒரு முறையான சேவையாக நடத்தினால், தங்கள் முன்னோர் செய்த தொழிலையே அவர்கள் தொடர்ந்தவர்களாவார்கள்.

காமிரா உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. டிஜிட்டல் காமிராவின் மேலிருந்த வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 2019 ஜனவரி 1 முதல் குறைந்தது. அந்தச் சலுகை எல்லோருக்கும் பொது. கொள்முதல் விலையும் அவ்வாறே பொதுவாக இருக்க வேண்டும். ஒரே பெட்டியை விழுப்புரத்துக் கடைக்கு ஒரு விலைக்கும் இணையத்தின் பெரிய விற்பனையாளருக்கு அதைவிடத் தாழ்ந்த விலைக்கும் கொடுத்துவிட்டு, தங்கள் லென்ஸை வாடிக்கையாளர் தொட்டுப் பார்க்கும் செலவை மட்டும் விழுப்புரத்துக் கடையின் மேல் சுமத்துவது நீண்டகாலம் நடவாது. தொட்டுப் பார்க்க இடமில்லாத ஊரில் எவனும் இரண்டு லட்ச ரூபாய் காமிராவைப் படத்தில் பார்த்து நம்பிக்கையோடு வாங்க மாட்டான். பொருளை விளக்கிக் காட்டும் கடைக்கு, விற்பனை எங்கே நடந்தாலும், ஒரு சிறு தொகை தரும் ஏற்பாட்டை அந்நிறுவனங்கள் யோசிக்கலாம். பெரிய பழுதுகளுக்குச் சென்னைக்கே எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும் இன்றைய நிலையை மாற்றி, மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு கடையைப் பழுதுப் பொருள்கள் பெற்று அனுப்பும் இடமாக நியமிப்பது அவர்களுக்குப் பெரிய செலவாகாது. இணையத்தில் வாங்கியவரும் அப்போது அந்தக் கடைக்குத்தான் வருவார். வரும்போது அவரிடம் கூலி கேட்டு வாங்கலாம்.

ஆண்டுதோறும் மே 5ஆம் தேதி வணிகர் தினத்தில் இணைய வியாபாரத்தைக் கண்டித்துத் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. அவற்றில் நியாயம் இருக்கிறது. சட்டத்தைச் சரிவர அமல் நடத்தும்படி கேட்பது வியாபாரிகளின் பாத்தியதை. ஆனால் அதே மேடையில், காமிரா, கடிகாரம், தையல் இயந்திரம் போன்று விளக்கமும் பழுதுபார்ப்பும் வேண்டிய பொருள்களை விற்கும் கடைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு கூலிப் பட்டியலை இரண்டு ஊர்ச் சங்கங்களும் புகைப்படக் கலைஞர்களின் சங்கங்களோடு கலந்து தயாரிக்குமானால், தனித்தனியே கேட்கக் கூச்சப்படும் கடைக்காரருக்கு அது பெரிய துணையாக இருக்கும். ஆடி மாதம் முழுவதும் கல்யாணம் இல்லாமல் எல்லோருமே சும்மா இருக்கிறார்கள். அந்த மாதத்தில் உட்கார்ந்து பேசி முடித்தால், ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்பே பலகைகளை மாட்டிவிடலாம்.